'எங்க போறிய?': காரக்கோணத்து வழியிடை வினாவும் அதன் விடையும் குறித்த ஆராய்ச்சி

"எங்க போறிய?" என்பது வழியில் எதிர்ப்படுவோரை நோக்கிக் கேட்கப்படும் வினா. "இன்னா, இங்க வரை" என்பது அதற்கு இறுக்கப்படும் விடை. இரண்டும் சேர்ந்தால் ஓர் உரையாடல் முற்றுப்பெறுகிறது. முற்றுப்பெற்ற பின், கேட்டவர் கேட்பதற்கு முன் அறிந்திருந்ததைவிடக் கடுகளவும் கூடுதலாக அறிவதில்லை. கேட்டவருக்கு அதனால் குறையும் இல்லை. காரக்கோணத்திலும், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லையோர ஊர்களிலும் இந்த வினாவிடை விடிந்தது முதல் அடையும் வரை நடக்கிறது. ஒரு நாளில் எத்தனை முறை என்று கணக்கெடுப்பது கடினம். குறிப்பேட்டுடன் சாலையில் இறங்குபவரை நோக்கியும் அதே வினா வரும், அவரும் அதே விடையைச் சொல்வார், கணக்கு தன்னையே எண்ணத் தொடங்கிவிடும்.

காரக்கோணம் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றின்கரை தாலுகாவில் உள்ள சிற்றூர். வெளியூரார் இதைச் சோமர்வெல் நினைவு சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரியால் அறிவர். சில கிலோமீட்டர் நடந்தால் தமிழ்நாட்டின் விளவங்கோடு வட்டம் வந்துவிடும். பளுகல் அந்தப் பக்கம், குன்னத்துகால் இந்தப் பக்கம். தமிழும் மலையாளமும் இங்கே ஒரே வாயில் குடியிருக்கின்றன. ஆகவே வினாவுக்கு இரண்டு வடிவம் உண்டு. தமிழில் "எங்க போறிய?", மலையாளத்தில் "எங்ஙோட்டா?" எந்த மொழியில் கேட்பது என்பதை எதிரில் வருபவரின் தாய்மொழி மட்டும் தீர்மானிப்பதில்லை, அவருடன் யார் வருகிறார், கேட்பவர் சற்று முன் யாரிடம் பேசிக்கொண்டிருந்தார் என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. மலையாளத்தில் கேட்டதற்குத் தமிழில் விடை சொன்னால் குற்றமில்லை. விடையே சொல்லாமல் போவதுதான் குற்றம்.

சொல்லின் பொருளை அகராதியில் மட்டும் தேடாமல், சொல்பவர், கேட்பவர், இடம், வேளை ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்கும் துறையைச் சூழற்பொருளியல் எனலாம். மேலை நாட்டில் இதற்கு முறையாகப் பெயரிட்டு, தொடரியல், சொற்பொருளியல் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் மூன்றாவது நாற்காலி போட்டுக் கொடுத்தவர் சார்ல்ஸ் மோரிஸ், ஆண்டு 1938. தமிழில் நாற்காலி முன்பே கிடந்தது. யார், யாரிடம், எவ்விடத்தில் ஒரு மொழியைச் சொல்கிறார் என்று கேட்பவர் உணரும்படி அமைவதை 'முன்னம்' என்று செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாகத் தொல்காப்பியச் செய்யுளியல் வைத்துவிட்டது. ஆனால் அது செய்யுளுக்குச் சொன்னது. சாயாக்கடைத் திண்ணைக்கு முன்னம் எழுதுவாரில்லை. இக்கட்டுரை அக்குறையை நோக்கியது.

முதலில் வினா. நன்னூலார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வினாவை ஆறாகப் பகுத்தார்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. "எங்க போறிய?" இவற்றுள் எதன்பாற்படும்? அறியாவினா எனின், அன்று. எதிரில் வருபவரின் தலையில் ரப்பர் ஷீட் கட்டு இருக்கிறது. ஷீட் எடுக்கும் கடை அந்தச் சாலையில் ஒன்றுதான். கேட்பவர் உட்கார்ந்திருப்பதே அந்தக் கடையின் படியில்தான். அறிவினா எனின், அதுவும் அன்று. அது ஆசிரியர் விடையைத் தாம் அறிந்துகொண்டு மாணவரைச் சோதிப்பது. இங்கே தவறான விடை என்று ஒன்று இல்லாததால் சோதனையும் இல்லை. ஐயவினாவுக்கு இரண்டு பக்கமும் வழி திறந்திருக்க வேண்டும்; ஷீட் கட்டைச் சுமந்தவர் கோயிலுக்குப் போவாரோ என்று எவரும் ஐயுறுவதில்லை. கொளலும் கொடையும் வாங்குவதும் கொடுப்பதும் பற்றியவை. எஞ்சுவது ஏவல்வினா. இதற்கு மட்டும் ஒரு சிறு தொடர்பு உண்டு. அது பின்னர் வரும்.

ஆறிலும் அடங்காத இதை ஏழாவதாக வைக்க வேண்டும் எனின், அந்த ஏழாவதை அயல்நாட்டார் ஒருவர் வேறொரு தீவில் கண்டெடுத்திருக்கிறார். மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி, பசிபிக்கின் டிரோபிரியண்ட் தீவு மக்களோடு வாழ்ந்தவர், 1923-இல் எழுதிய கட்டுரையில், செய்தி எதையும் சுமக்காமல் இருவரை ஒட்டவைப்பதற்காகவே பேசப்படும் பேச்சைத் தனி வகையாகப் பிரித்தார். எங்கிருந்து வருகிறாய் என்னும் மெலனீசிய விசாரிப்பு அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. அவர் பார்வையில், மௌனமாகக் கடந்து போகிறவன் ஆபத்தானவன். வாய் திறந்தவன் தீங்கற்றவன். காரக்கோணத்திலும் இதே நிலைதான். சாலையில் ஒருவர் கேட்காமல் போனால் அவர் அவசரத்தில் இருக்கிறார் என்று ஊர் எடுத்துக்கொள்வதில்லை. வேலித் தகராறு இன்னும் தீரவில்லை என்றே எடுத்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டின் பல வீடுகளில் இந்த வினாவுக்குத் தடை உண்டு என்பதையும் குறிக்க வேண்டும். வாசல் தாண்டுபவரை "எங்கே?" என்று கேட்டால் போகும் காரியம் தடைப்படும் என்பது நம்பிக்கை, கேட்டே ஆக வேண்டுமானால் "தூரமா?" என்று கேட்பார்கள். எல்லையோரத்தில் இந்தத் தடை சாலைவரை நீளவில்லை. காரணம் எளிது. விடை எதுவும் வராது என்று உறுதியாகத் தெரிந்த வினாவால் சகுனம் கெட வழியில்லை.

வினாவின் உருவம் ஆளுக்கு ஆள் மாறும். இளையவனுக்கு "எங்கலே போற?", பெண் குழந்தைக்கு "எங்க பிள்ளே போற?", மூத்தவருக்கு "அண்ணே, எங்க போறிய?", பள்ளி ஆசிரியருக்கு "சாரே, தூரமா?" மரியாதை ஏற ஏற வினா சுருங்குவதைக் காண்க. பாதிரியாரை நோக்கும்போது அது எழுந்து நிற்பதாகவும், தோளில் கிடக்கும் துண்டு கைக்கு வருவதாகவும் தேய்ந்து, சொல்லே இல்லாமல் போகிறது. பைக்கில் போகிறவரிடம் அது புருவம் உயர்த்தலாகவும், அவர் தரும் விடை ஹார்ன் ஒரு தட்டாகவும் மாறும். இவற்றையும் வினா, விடை என்றே கொள்க. சொல்வோனுக்கும் கேட்போனுக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வு வினைச்சொல்லையே மாற்றும் என்பதைத் தொல்காப்பிய எச்சவியல் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களை வைத்துக் காட்டியது. கேட்பவன் தாழ்ந்தோன் ஆனால் ஈ, ஒப்போன் ஆனால் தா, உயர்ந்தோன் ஆனால் கொடு. துண்டைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை.

வினா எழாத இடங்களும் உண்டு. விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறவரை யாரும் கேட்பதில்லை. சாவு வீட்டுக்குப் போகிறவரைக் கேட்பதில்லை. மருத்துவக் கல்லூரிப் பக்கம் பிளாஸ்டிக் கூடையும் சுடுவெள்ளப் பிளாஸ்கும் சுருட்டிய பாயுமாகப் போகிறவரைக் கண்டால் "எங்க" என்பது தானாக விலகி, "ஆருக்கு?" என்பது அந்த இடத்தில் வந்து நிற்கும். இங்கே மட்டும் வினா உண்மையான அறியாவினா. விடையும் உண்மையானது: யாருக்கு, எந்த வார்டு, என்ன சொன்னார்கள் என்று நின்று சொல்லப்படும். ஒரு பிளாஸ்க் இலக்கணத்தை மாற்றுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இனி விடை. "இன்னா, இங்க வரை" என்பதில் சொற்கள் மூன்று. மூன்றும் சேர்ந்து சொல்வது ஒன்றுமில்லை. தத்துவ அறிஞர் பால் கிரைஸ் 1967-இல் ஹார்வர்டில் ஆற்றிய, 1975-இல் அச்சில் வந்த சொற்பொழிவில், பேசுவோர் இருவர் ஒத்துழைப்பதற்கு நான்கு நெறிகளை வகுத்தார். வேண்டிய அளவு சொல்க, உண்மை சொல்க, தொடர்புள்ளது சொல்க, தெளிவாகச் சொல்க. காரக்கோணத்து விடை முதல் நெறியையும் நான்காவதையும் வெளிப்படையாக மீறுகிறது. இரண்டாவதை மீறுகிறதா என்பது வழக்காடத் தக்கது. ஆனால் கிரைஸின் கருத்தில் ஆழமான பகுதி நெறிகள் அல்ல, அவற்றை வேண்டுமென்றே மீறும்போது பிறக்கும் உட்கிடை. கேட்டவர் "இவர் ஒத்துழைக்கிறார், ஆனால் இடத்தைச் சொல்லவில்லை; ஆகவே சொல்வதற்கில்லை, அல்லது சொல்லத் தேவையில்லை; எப்படியும் நம்மோடு முகம் கொடுத்துப் பேசிவிட்டார்" என்று கணக்குப் போட்டு முடித்துக்கொள்கிறார். கணக்கு முடிய அரை நொடி ஆகாது. திண்ணையில் இருப்பவர் அதற்காகச் சாயா கிளாசைக் கீழே வைப்பதும் இல்லை.

நேர் விடை அல்லாததையும் விடையாக ஒப்புக்கொள்ளும் துணிவு நன்னூலாருக்கும் இருந்தது. அவர் விடையை எட்டாகப் பகுத்து, சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றை நேரடி விடைகளாகக் கொண்டு, ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் மீதி ஐந்தையும் பொருளால் விடையாகும் என்று சேர்த்துக்கொண்டார். ஆடுவாயா என்றதற்குக் கால் வலிக்கும் என்றால் மாட்டேன் என்று பொருள் என்பதைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவரும் கிரைஸ் என்ற பெயரைக் கேளாமலே தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறார். "இன்னா, இங்க வரை" இதில் எவ்வகை? வடிவத்தால் சுட்டு விடை. "இங்க" என்று இடத்தைச் சுட்டுகிறதல்லவா. ஆனால் கை எந்தத் திசையிலும் நீள்வதில்லை. சுட்டாமல் சுட்டும் சுட்டு விடை என்று இதற்குப் புது வகை வகுப்பது பொருந்தும்.

'இங்க' என்பதன் எல்லை எதுவரை என்பதே ஆராய்ச்சியின் மையம். சுட்டுச்சொல் பேசுபவன் நிற்கும் இடத்திலிருந்தே பொருள் பெறும். மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபில்மோர் 1971-இல் ஆற்றிய சொற்பொழிவுகளில் இதற்கு ஒரு புட்டியைக் கற்பனை செய்தார்: கடலில் மிதந்து வரும் புட்டிக்குள் ஒரு சீட்டு, நாளை நண்பகல் இவ்வளவு பெரிய குச்சியோடு இங்கே வந்து சந்திக்கவும் என்கிறது. யார் எழுதியது, எந்த நாளை, எந்த இங்கே, எவ்வளவு பெரிது என்று ஒன்றும் தெரியாது. ஃபில்மோர் இதைப் பொருள் விளங்காத சீட்டாகக் காட்டினார். காரக்கோணத்தில் இதே சீட்டு நாள்தோறும் வாய்வழி போகிறது, யாரும் குழம்பியதில்லை.

கீழெல்லை தெளிவு: அடுத்த வீடு. பொரிகடலை வாங்கப் பெட்டிக்கடை, ரேஷன் கடை, மருத்துவக் கல்லூரி, தனுவச்சபுரம் எல்லாம் 'இங்க'. வெள்ளறடை 'இங்க'. கோர்ட் வழக்குக்காக நெய்யாற்றின்கரை போவதும் 'இங்க வரை'தான், ஆனால் அப்போது குரல் சற்றுத் தாழும். மேலெல்லையைத் தூரம் நிர்ணயிப்பதில்லை, மூட்டை நிர்ணயிக்கிறது. தோளில் துண்டு மட்டும் இருந்தால் திருவனந்தபுரமும் 'இங்க'. கயிறு கட்டிய அட்டைப்பெட்டியும், பின்னால் கண் கலங்கிய தாயும், டாக்சியும் இருந்தால் வளைகுடா என்று ஊருக்குத் தெரியும். அப்போது "இங்க வரை" என்பது எடுபடாது. வேளிமலையையும் கடலையும் ஒன்றாக அடக்கும் சுட்டுச்சொல் ஒரு பெட்டியின் முன் தோற்றுப்போகிறது.

இத்தனை மழுப்பல் ஏன்? முன்பு ஒத்திவைத்த ஏவல்வினாவுக்கு இங்கே வருவோம். ஒருவர் "பனச்சமூடு" என்று இடத்தைச் சொல்லிவிட்டால் அடுத்த வாக்கியம் வினா அன்று. "அப்படியே ஒரு கெட்டு வெத்தில, அரைக் கிலோ கருவாடு, மரச்சீனி நல்லதா கெடந்தா ரெண்டு கிலோ." சந்தை ஊரின் பெயரைச் சொல்வது, திண்ணை முழுவதற்கும் சுமைக்கூலி இல்லாத ஆளாகத் தன்னை நியமித்துக்கொள்வதாகும். பெனலோப்பி பிரௌன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1978-இல் வெளியிட்ட பணிவு பற்றிய ஆய்வு இதை விளக்கும். அதன் தரவுகளில் ஒரு பெரும்பங்கு கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் தமிழ். ஒவ்வொருவருக்கும் ஒரு 'முகம்' உண்டு. பிறர் தன்னை ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு விருப்பம், தன் வழியில் குறுக்கிடக் கூடாது என்று இன்னொன்று. முகதாட்சண்யத்தால் கடன் கொடுத்துக் கெட்ட மக்களிடம் இதைக் கேட்டறிய வந்தது பொருத்தமே. "இன்னா, இங்க வரை" என்பது இரண்டு விருப்பங்களையும் ஒரே மூச்சில் காப்பாற்றுகிறது: பேசியதால் ஒட்டு, சொல்லாததால் கருவாடு இல்லை.

இந்த விடைக்கு மேல் இரண்டாம் வினா இல்லை. "இங்கன்னா எங்க?" என்று கேட்பது மரபு மீறல். சமூகவியலாளர் ஹெரால்ட் கார்ஃபிங்கல் 1967-இல் வெளியிட்ட நூலில் தம் மாணவர்களை இத்தகைய மீறலுக்கு அனுப்பிய செய்தி உண்டு. எப்படி இருக்கிறாய் என்று நண்பர் விசாரித்தால், எதில் எப்படி, உடலிலா பணத்திலா என்று திருப்பிக் கேட்கச் சொன்னார். நண்பர்கள் சிவந்து, வெடித்து, விலகினர். காரக்கோணத்தில் "இங்கன்னா எங்க?" என்று கேட்கும் உரிமை மாமியாருக்கும் பெட்டிக்கடைக்காரருக்கும் மட்டுமே உண்டு. முன்னவருக்கு உறவால், பின்னவருக்குக் கடன் பாக்கியால்.

போக்குக்கு உரிய வினையும் கவனிக்கத் தக்கது. வருதலும் தருதலும் தன்மை, முன்னிலைக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் உரியன என்று தொல்காப்பியக் கிளவியாக்கம் வரையறுக்கிறது. விடைபெறும் நேரத்தில் எல்லையோரம் இதைத் தலைகீழாக்குகிறது. புறப்படுபவர் "வரட்டா?" என்கிறார், மலையாளம் பேசுபவர் "வரட்டே" என்கிறார். கால் வெளியே, வாய் உள்ளே. இதை மங்கல வழக்கு என்று நன்னூல் சமாதானம் கூறும். திரும்பி வருபவரிடம் "எங்க போயிட்டு வாறிய?" என்றால் விடை "இன்னா, அங்க வரை" என்று மாறும். போகும்போது இங்கேயாக இருந்த இடம் வந்தபின் அங்கேயாகிவிட்டது. தூரம் மாறவில்லை, வேலை முடிந்துவிட்டது.

மாநில எல்லை இந்தச் சுட்டுச்சொல்லை எப்படிப் பாதித்தது? 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கோட்டையின் பெரும்பகுதியும் சேர்ந்தது. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கேரளத்தில் நின்றுவிட்டது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இவ்வளவுக்கும் பின் வரைந்த கோடு, பெண் கொடுத்த வீட்டுக்கும் பெண் எடுத்த வீட்டுக்கும் இடையிலும், ரப்பர் தோட்டத்துக்கும் அதன் கிணற்றுக்கும் இடையிலும் ஓடியது. பளுகலுக்குத் தங்கை வீட்டுக்குப் போகிறவர் அன்று முதல் வேறு மாநிலத்துக்குப் போகிறார். கேட்டால் "இன்னா, இங்க வரை" என்கிறார். சட்டம் மாறியது, சுட்டு மாறவில்லை. மொழிவாரியாக மாநிலம் பிரித்தவர்கள் மொழியின் இந்த உறுப்பைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது ஆய்வுலகின் வருத்தம்.

மாறியது ஒன்று: அதே வினாவைக் கேட்க வேறு ஆட்கள் வந்தார்கள். களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் காக்கிச் சட்டை "எங்க போற?" என்று கேட்டால் சொல் அதுவே, செயல் வேறு. 1955-இல் ஹார்வர்டில் பேசிய தத்துவ அறிஞர் ஜே. எல். ஆஸ்டின், சொல்வதே செய்வதாகும் என்றும், சொல் செயலாக நிறைவேற உரிய ஆள், உரிய இடம், உரிய முறை வேண்டும் என்றும் காட்டினார். சாவடியில் ஆள் உரியவர். அங்கே "இங்க வரை" என்றால் டிக்கி திறக்கப்படும், அரிசி மூட்டை இருந்தால் விளக்கம் கேட்கப்படும். 2020-இல் பொதுமுடக்கத்தின்போது இ-பாஸ் படிவமும் இதே வினாவைக் கேட்டது. போகும் இடம் என்று ஒரு கட்டம். அதில் 'இங்க' என்று எழுத முடியாது. பஸ் கண்டக்டரும் இவ்வினத்தார். "எங்ஙோட்டா?" என்று அவர் கேட்பது கட்டணத்துக்காக, 'இங்க' என்ற பெயரில் ஸ்டேஜ் இல்லை.

மருத்துவக் கல்லூரிக்குப் பெயர் தந்த தியடோர் ஹோவர்ட் சோமர்வெல் குறித்தும் ஒரு சொல். நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நெடுங்காலம் அறுவை மருத்துவம் செய்த அவர் 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறப் போனவர். உடன் சென்ற மலோரிக்குக் கடைசி ஏற்றத்தின்போது தம் சிறு காமிராவைக் கடன் கொடுத்தவரும் அவரே. ஏன் ஏற வேண்டும் என்ற பத்திரிகையாளருக்கு மலோரி, அது அங்கே இருப்பதால் என்று விடை சொன்னதாக 1923-இல் அச்சேறியது. உலகம் அதைத் தத்துவமாகப் போற்றியது. 'அங்கே' என்றதால்தான் விளக்கம் கேட்கும் கூட்டம் சேர்ந்தது. தென் திருவிதாங்கூரில் சில காலம் இருந்திருந்தால் மலோரி 'இங்க வரை' என்று சொல்லியிருப்பார். பத்திரிகையாளரும் சாயாவைக் குடித்துவிட்டுப் போயிருப்பார்.

அலைபேசி வந்தபின் வினா "எங்க இருக்கிய?" ஆயிற்று. விடையும் அதற்கேற்ப "இன்னா, வந்தாச்சு" ஆயிற்று. குளித்துக்கொண்டிருப்பவரும் இதையே சொல்வார். இதில் "வந்தாச்சு" என்பது இறந்தகாலம் அன்று, நல்லெண்ணம். இருவர் இருவேறு இடத்தில் நின்று பேசுவதால், இவருடைய இங்கேயும் அவருடைய இங்கேயும் ஒன்றல்ல என்பது முதன்முறையாக வெளிப்படத் தொடங்கியது. இருப்பிடத்தை வரைபடத்தில் அனுப்பும் வசதி நெருக்கடியை முற்ற வைத்தது. வந்தாச்சு என்றவர் தனுவச்சபுரத்தில் அசையாமல் நிற்பதை ஒரு புள்ளி காட்டிக்கொடுத்துவிடுகிறது. இதற்கும் ஒரு விடை நிலைபெற்றுவிட்டது: "அது நெட்டு இல்லாம பழசக் காட்டுது." எல்லைப்புறத்தில் இரண்டு மாநில டவரும் மாறி மாறிப் பிடிக்கும் என்பதால் இவ்விடையை மறுக்க எவராலும் இயலாது.